வெயிலில் காய்ந்த பேட்டரிக் கட்டை... மெல்லிய ஒரு பூச்சு... துத்தநாக பேட்டரி நம் வீட்டுக்கு எப்போது வரும்?

என் அப்பத்தாவுக்கு நிலக்கோட்டைப் பக்கம் கிராமம். மல்லிகைத் தோட்டத்தில் பூப்பறிக்க விடிகாலை மூன்று மணிக்கே கிளம்பிவிடுவார். மொட்டு விரிவதற்குள் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பியாக வேண்டும். அந்த இருட்டில் பாம்பு, தேள் பயத்துக்கு அவர் கையில் இருந்தது, மூன்று கட்டை போடும் ஒரு டார்ச் லைட்.

வெளிச்சம் மங்கினால் உடனே புதுக் கட்டை வாங்க மாட்டார். பழைய கட்டைகளைக் கழற்றி, முற்றத்தில் முறத்தில் வைத்து, மோர் மிளகாயோடு சேர்த்து வெயிலில் காயப்போடுவார். சாயங்காலம் எடுத்துப் போட்டால் டார்ச் மறுபடியும் எரியும். "பாத்தியா கண்ணு, சூரியனே ஏத்திவிட்டுருச்சு" என்று சிரிப்பார். இரண்டு நாள் எரிந்துவிட்டு மறுபடியும் படுத்துவிடும். நானும் வெகுநாள்வரை வெயிலில் வைத்தால் பேட்டரி சார்ஜ் ஆகும் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாபகத்தைக் கிளறிவிட்டது இந்த வருஷக் கோடை. திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி செத்துப்போனது. நான்கு வருஷம்கூட முழுதாக உழைக்கவில்லை. புது பேட்டரி விலையைக் கேட்டுவிட்டு வந்த அப்பா, போனில் எதையோ பார்த்தபடி என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, துத்தநாகத்துல புது பேட்டரி வருதாமே... தீப்பிடிக்காதாம், விலையும் குறைவாம். அது வர்றவரைக்கும் பொறுத்துக்கலாமா, இல்ல இப்பவே வாங்கிடலாமா?"

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கும் எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. தேட ஆரம்பித்தேன். தேடல் கடைசியில் அப்பத்தாவின் முறத்துக்கே கொண்டுவந்து விட்டது.

கட்டைக்குள் என்ன இருக்கிறது?

சின்ன வயதில் தீர்ந்துபோன பேட்டரிக் கட்டையை உடைத்து, நடுவிலிருக்கும் கறுப்புக் குச்சியை எடுத்துச் சுவரில் கிறுக்கியவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்போம். அந்தக் குச்சி கார்பன். அதைச் சுற்றியிருக்கும் கறுப்புப் பொடி மாங்கனீஸ் டை ஆக்சைடு. இவை எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் வெள்ளி நிற டப்பாதான் துத்தநாகம்.

டார்ச் எரியும்போது இந்த டப்பாவே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. துத்தநாகம் எலெக்ட்ரான்களை விட்டுக்கொடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் ஈரப் பசையில் அயனியாகக் கலக்கிறது. அந்த எலெக்ட்ரான்கள் பல்பு வழியாகச் சுற்றி வருவதுதான் நமக்குக் கிடைக்கும் வெளிச்சம். பழைய டார்ச்சைத் திறந்தால் கட்டை ஒழுகி, வெள்ளைப் பொடி பூத்திருக்குமே... அது டப்பா அரித்து ஓட்டையான கதை.

அப்படியானால் வெயில் என்னதான் செய்தது? சூடு ஏறும்போது உள்ளே இருக்கும் பொருட்கள் வேகமாக நகரும், வேதிவினையும் சுறுசுறுப்பாகும். சும்மா கிடந்த நேரத்தில், ஒரே இடத்தில் தேங்கியிருந்த அயனிகளும் பரவிக்கொள்ளும். மிச்சம் மீதி இருந்த சக்தியை வெயில் வழித்து எடுத்துக் கொடுத்தது. கரைந்த துத்தநாகத்தில் ஒரு துளியைக்கூட அது திருப்பிக் கொண்டுவரவில்லை.

கரைந்த துத்தநாகத்தைப் பழையபடி அதே இடத்தில் கொண்டுவந்து படியவைத்தால்தான் அது உண்மையான சார்ஜ். கேட்க எளிதாக இருக்கும் இந்த வேலையில்தான் விஞ்ஞானிகள் நூறு வருஷத்துக்கும் மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏன் துத்தநாகத்தை விடமாட்டேன் என்கிறார்கள்?

பேட்டரியின் வரலாறே துத்தநாகத்தில்தான் தொடங்குகிறது. 1800-ல் இத்தாலியின் வோல்டா உலகுக்கு அறிவித்த முதல் மின்கல அடுக்கில் துத்தநாகத் தகடு இருந்தது. 1866-ல் பிரான்ஸின் லெக்லாஞ்சே உருவாக்கிய மின்கலத்திலும் அதுவே. நம் டார்ச் கட்டை அதன் பேரப்பிள்ளை. தாத்தா காதில் மாட்டும் காது மெஷினுக்கு, ஸ்டிக்கரை உரித்துவிட்டுப் போடுகிறோமே பட்டன் பேட்டரி, அதுவும் துத்தநாகமும் காற்றும் சேர்ந்து வேலை செய்யும் பேட்டரிதான்.

நம் நாட்டுக்கும் துத்தநாகத்துக்கும் உறவு இன்னும் பழையது. ராஜஸ்தானின் ஜாவர் பகுதியில், ஐரோப்பியர்கள் கற்றுக்கொள்வதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே உலை வைத்துத் துத்தநாகத்தைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். இன்றும் ராஜஸ்தானில் உலகின் பெரிய துத்தநாகச் சுரங்கங்களில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. லித்தியத்துக்கு நாம் வெளிநாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். துத்தநாகத்துக்கு அந்தக் கவலை இல்லை.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு. லித்தியம் அயான் பேட்டரிக்குள் இருப்பது எளிதில் தீப்பிடிக்கும் கரிமத் திரவம். துத்தநாக பேட்டரியில் தண்ணீரில் கரைத்த உப்பே போதும். தண்ணீர் எரியாது. வீட்டு மாடிப்படிக்குக் கீழே, குழந்தைகள் விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்கும் பேட்டரிக்கு இது பெரிய நிம்மதி.

மூன்றாவது, அடக்கம். ஒரு கிராம் துத்தநாகத்தில் கொள்கையளவில் 820 மில்லி ஆம்பியர் ஹவர் மின்னேற்றம் இருக்கிறது. நம் இன்வெர்ட்டர்களில் இருக்கும் காரீயம் போல அது நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும் விஷமும் இல்லை.

இவ்வளவு நல்லது இருந்தும் ஏன் வீட்டுக்கு வரவில்லை?

சார்ஜ் ஏற்றினால் முள் முளைக்கும்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் சீசன் நேரத்தில் கொடைக்கானல் பஸ் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறீர்களா? கூட்டம் முழுக்க முன் படிக்கட்டில் போய் முண்டும். பின் படிக்கட்டு காலியாகக் கிடக்கும்.

துத்தநாகத் தகட்டிலும் அதேதான் நடக்கிறது. சார்ஜ் ஏற்றும்போது திரவத்தில் இருக்கும் துத்தநாக அயனிகள் தகட்டுக்குத் திரும்பி வருகின்றன. தகடு கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். மேடான இடத்தில் மின்புலம் அதிகம் என்பதால் அயனிகள் அங்கேயே போய்ப் படிகின்றன. மேடு இன்னும் உயர்கிறது. உயர்ந்ததால் இன்னும் அதிக அயனிகள் அங்கே வருகின்றன. கடைசியில் அது சீமைக்கருவேல முள் மாதிரி கூராக வளர்ந்து நிற்கிறது. இதை டென்ட்ரைட் என்கிறார்கள்.

அந்த முள் நடுவிலிருக்கும் தடுப்புத் தாளைக் குத்திக் கிழித்து எதிர்ப்பக்கத்தைத் தொட்டால் ஷார்ட் சர்க்யூட். பேட்டரி அத்துடன் காலி. முள் பாதியில் ஒடிந்து விழுந்தாலும் நஷ்டம்தான். ஒடிந்த துண்டு தகட்டோடு தொடர்பு இல்லாமல் கிடக்கும். அதிலிருக்கும் துத்தநாகம் இனி பயன்படாது.

இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. பள்ளி லேபில் துத்தநாகத் துண்டுகளை அமிலத்தில் போட்டு, வெளிவரும் வாயுவுக்கு அருகில் தீக்குச்சியைக் கொண்டுபோனதும் 'பாப்' என்று சத்தம் கேட்ட சோதனை ஞாபகம் இருக்கிறதா? அதே ஹைட்ரஜன் இங்கேயும் கொஞ்சம் கொஞ்சமாக வரும். மூடிய பேட்டரி உப்பிப்போகும். திரவம் குறையும். அதோடு, துத்தநாக சல்பேட் திரவத்தில் தகட்டின் மேல் வெள்ளைச் செதில்கள் பொருக்குத் தட்டி, அயனிகளின் வழியை அடைத்துவிடும்.

முள், வாயு, பொருக்கு. மூன்றுமே தகட்டின் மேற்பரப்பில்தான் தொடங்குகின்றன. அதனால்தான் அந்தப் பரப்புக்கு ஒரு தோல் போர்த்திவிடலாமே என்று ஆராய்ச்சியாளர்கள் யோசித்தார்கள்.

முன்பு முயற்சியே நடக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். அயர்லாந்தில் ஜேம்ஸ் டிரம் என்பவர் உருவாக்கிய நிக்கல் - துத்தநாக பேட்டரியில் 1932 முதல் 1949 வரை டப்ளின் - பிரே தடத்தில் பயணிகள் ரயிலே ஓடியது. 1986-ல் ஜப்பானில், காரத் திரவத்துக்குப் பதிலாக மென்மையான துத்தநாக சல்பேட் கரைசலை வைத்து ரீசார்ஜ் செய்யும் மின்கலத்தைக் காட்டினார்கள். 2012-ல் சீனாவில் நடந்த ஆய்வும், 2016-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் லிண்டா நாசர் குழுவினர் வெளியிட்ட ஆய்வும் இந்தத் துறைக்கு மறுபடியும் உயிர் கொடுத்தன. அதற்குப் பிறகுதான் 'தோல்' தேடும் வேட்டை சூடுபிடித்தது.

ஹார்டுவேர் கடையில் ஒரு பாடம்

பூட்டு ஊர்க்காரியான எனக்கு இந்த இடத்தில் ஒரு விஷயம் பளிச்சென்று புரிந்தது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டின் ஊர் இது. நாகல் நகர் பக்கம் போனால் இரும்புச் சாமான் கடைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கே போல்ட், நட்டு, கீல், நாதாங்கி எல்லாம் பளபளவென்று, சில லேசான வானவில் நிறத்தோடு மின்னிக்கொண்டு தொங்கும். கடைக்காரரைக் கேட்டால் "ஜிங்க் பிளேட்டிங்மா" என்பார்.

இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க அதன் மேல் துத்தநாக முலாம் பூசுகிறார்கள். முலாம் தொட்டியில் நடப்பது என்ன? திரவத்தில் இருக்கும் துத்தநாக அயனிகள், மின்சாரம் பாயும்போது உலோகத்தின் மேல் போய்ப் படிகின்றன. யோசித்துப் பாருங்கள்... துத்தநாக பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதும் இதே வேலைதான். ஒவ்வொரு முறை சார்ஜ் போடும்போதும் பேட்டரிக்குள் ஒரு சின்ன முலாம் பட்டறை ஓடுகிறது.

அப்படியானால் போல்ட்டில் ஏன் முள் முளைப்பதில்லை? முலாம் பட்டறைக்காரர்கள் தொட்டியில் 'பிரைட்னர்' என்ற கரிமப் பொருளைக் கொஞ்சம் கலப்பார்கள். மேடான இடங்களில் அது போய் ஒட்டிக்கொண்டு, அங்கே துத்தநாகம் அவசரமாகப் படியாமல் பார்த்துக்கொள்ளும். பஸ் ஸ்டாண்ட் கூட்டத்தை இரண்டு படிக்கட்டுக்கும் பிரித்துவிடும் கண்டக்டர் மாதிரி. அதனால் முலாம் சீராகப் படிந்து பளபளக்கிறது.

ஆனால் பட்டறையில் ஒரு போல்ட்டுக்கு ஒரே ஒரு முறை பூசினால் வேலை முடிந்தது. பிரைட்னர் தீர்ந்தால் ஊற்றிக்கொள்ளலாம். பேட்டரி மூடிய பெட்டி. உள்ளே ஆயிரக்கணக்கான முறை படியவும் வேண்டும், கரையவும் வேண்டும். யாரும் நடுவில் திறந்து எதையும் ஊற்ற முடியாது. அதனால் கண்டக்டரைத் தகட்டின் மேலேயே நிரந்தரமாக உட்காரவைக்க வேண்டியிருக்கிறது. அதுதான் பாதுகாப்புப் பூச்சு.

சுண்ணாம்பு, களிமண், நைலான்

இந்தப் பூச்சுக்கு என்னவெல்லாம் முயன்றிருக்கிறார்கள் என்று படித்தபோது சிரிப்பும் ஆச்சர்யமும் சேர்ந்தே வந்தது. பாதி நம் வீட்டில் இருக்கும் சாமான்.

2018-ல் சீன ஆய்வாளர்கள் தகட்டின் மேல் பூசியது கால்சியம் கார்பனேட். அதாவது சாக்பீஸ், சுண்ணாம்புக்கல் வகையறா. பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடிப்பது போல, நுண்ணிய துளைகள் உள்ள சுண்ணாம்புப் படலம் ஒன்றைத் தகட்டுக்கு அடித்தார்கள். திரவம் அந்தத் துளைகள் வழியே சீராக இறங்கியது. துத்தநாகமும் படலத்துக்கு அடியில் சமமாகப் படிந்தது. வெறும் தகட்டைவிடப் பூசிய தகடு பல மடங்கு நேரம் தாங்கியது.

2020-ல் இன்னொரு குழு கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணைப் பூசியது. பீங்கான் செய்யும் மண்தான். அதன் நுண்துளைகள் சல்லடை போல வேலை செய்தன. டைட்டானியம் டை ஆக்சைடை, தலைமுடியின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு மெல்லிசாகப் படியவைத்தவர்களும் உண்டு. 2019-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கிராஃபீன் அடுக்கை உபயோகித்து, துத்தநாகம் செங்குத்தாக முளைக்காமல் தட்டையான செதில்களாக, தரையில் டைல்ஸ் பதித்ததுபோல் படியவைத்துக் காட்டினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 2019-ல் வந்த பாலிஅமைடு பூச்சு. பாலிஅமைடு என்றால் நைலான் குடும்பம். இதைச் செய்தவர்களே, முலாம் தொட்டியின் பிரைட்னரைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று தங்கள் கட்டுரைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். இந்தப் பூச்சு துத்தநாக அயனிகளைப் பிடித்து நிறுத்தி நிதானமாக உள்ளே விடுகிறது. தண்ணீரும் ஆக்சிஜனும் தகட்டை நேரடியாகத் தொடாமலும் தடுக்கிறது. பூசிய தகடு 8,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியது, வெறும் தகட்டைவிட 60 மடங்கு என்று பதிவு செய்திருக்கிறார்கள். கணக்குப் போட்டால், வெறும் தகடு ஐந்தாறு நாளில் படுத்துவிட்ட இடத்தில், பூசிய தகடு சுமார் 11 மாதம் தாக்குப்பிடித்திருக்கிறது.

நல்ல பூச்சுக்கான இலக்கணம் இவ்வளவுதான். அயனியை விட வேண்டும், தண்ணீரைத் தடுக்க வேண்டும். தகடு உப்பிச் சுருங்கும்போது வெடிக்காமல் வளைந்துகொடுக்க வேண்டும். விலை மலிவாக இருக்க வேண்டும். நான்கும் ஒன்றாக அமைவதுதான் கஷ்டம். சுண்ணாம்பு மலிவு, ஆனால் நொறுங்கும். நைலான் வளையும், ஆனால் அயனிக்குக் கொஞ்சம் தடை வைக்கும். கிராஃபீனைக் கிலோமீட்டர் கணக்கில் சீராகப் பூசுவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

99 மார்க் எடுத்தாலும் ஃபெயில்!

அப்பாவுக்குப் பதில் சொல்ல ஒரு கணக்குப் போட்டேன்.

வீட்டு பேட்டரி தினமும் ஒரு முறை தீர்ந்து, ஒரு முறை சார்ஜ் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷத்துக்கு 1,825 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் கரைந்த துத்தநாகத்தில் 99 சதவிகிதம் சரியாகத் திரும்பிவருகிறது, ஒரு சதவிகிதம் மட்டும் வீணாகிறது. பரீட்சையில் 99 என்றால் வீட்டில் ஸ்வீட் கொடுப்பார்கள். பேட்டரியில்? நூறே சுற்றில், அதாவது மூன்றரை மாதத்தில், மிஞ்சுவது 37 சதவிகிதம்தான்.

99.9 என்றால் மூன்றே வருஷத்துக்குள், ஆயிரம் சுற்றில், அதே 37 சதவிகிதத்துக்கு வந்துவிடும். 99.99 எடுத்தால்தான் ஐந்து வருஷம் கழித்தும் 83 சதவிகிதம் கையில் இருக்கும். புள்ளிக்குப் பின்னால் வரும் அந்த இரண்டு ஒன்பதுகளுக்காகத்தான் இத்தனை பூச்சு ஆராய்ச்சியும்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளில் விட்டுப்போகும் விஷயம் ஒன்றும் இருக்கிறது. லேபில் சோதிக்கும்போது பல சமயம் 0.1 மில்லி மீட்டர் தடிமனுள்ள துத்தநாகத் தகட்டை வைக்கிறார்கள். ஒரு சதுர சென்டி மீட்டர் தகட்டில் சுமார் 58 மில்லி ஆம்பியர் ஹவர் அளவுக்குத் துத்தநாகம் இருக்கும். சோதனையில் பயன்படுத்துவது சில சமயம் ஒரே ஒரு மில்லி ஆம்பியர் ஹவர். அதாவது இரண்டு சதவிகிதத்துக்கும் குறைவு. மீதி எல்லாம் உபரி. பீரோ நிறையப் பணத்தை வைத்துக்கொண்டு தினமும் பத்து ரூபாய் தொலைத்தால், வெகுநாளைக்கு யாருக்கும் தெரியாது அல்லவா? அதே கதைதான்.

ஆகவே, 'ஆயிரக்கணக்கான சுற்று தாங்கும் துத்தநாக பேட்டரி கண்டுபிடிப்பு' என்று செய்தி வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். தகட்டில் எத்தனை சதவிகிதத்தைப் பயன்படுத்தினார்கள்? நாணயம் அளவுக்குச் சின்ன மின்கலத்திலா, முழு அளவு பேட்டரியிலா? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாவிட்டால், அது லேப் செய்தி. கடைக்கு வர நாளாகும்.

பக்கத்து ஊர் காரைக்குடியில்...

திண்டுக்கல்லில் பஸ் ஏறி நத்தம், சிங்கம்புணரி, திருப்பத்தூர் தாண்டினால் காரைக்குடி. செட்டிநாட்டு வீடுகளுக்காக நாம் பார்க்கப்போகும் ஊரில், செக்ரி என்று சுருக்கமாக அழைக்கப்படும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் நாளில், ஜனவரி 14 அன்று, அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார்.

அங்கே பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது. உலோக அரிமானம், அதாவது துரு பற்றிய ஆராய்ச்சியும் நடக்கிறது. இதற்காகவே மண்டபம் கடற்கரையில் ஒரு கிளை இருக்கிறது. முலாம் பூசுவதற்கும் தனி ஆராய்ச்சி உண்டு. துத்தநாகத் தகட்டின் பிரச்னையை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். சார்ஜ் ஏற வேண்டும், அரிக்கக் கூடாது, சீராகப் படிய வேண்டும். பேட்டரி, துரு, முலாம் என்று மூன்று துறையும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. லித்தியம் அயான் பேட்டரி செய்யும் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தை 2018-ல் தனியார் நிறுவனத்துக்குக் கொடுக்க ஒப்பந்தம் போட்டதும் இதே நிலையம்தான்.

சென்னை ஐ.ஐ.டி-யின் வேதிப் பொறியியல் துறைக் குழு வேறொரு வழியில் போகிறது. துத்தநாகம் - காற்று பேட்டரியில், தீர்ந்த துத்தநாகத்தை உள்ளேயே வைத்துச் சார்ஜ் செய்யாமல், கேசட் மாதிரி கழற்றிவிட்டுப் புதிதை மாட்டுவது. கழற்றிய துத்தநாகத்தைச் சூரிய மின்சாரத்தில் தனியாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2022-ல் இந்தத் திட்டம் பற்றிச் சொன்னார்கள். முள் முளைக்கும் தகராறையே வீட்டுக்கு வெளியே அனுப்பிவிடும் யோசனை.

பெங்களூருவின் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையம், துத்தநாக பேட்டரிகளுக்கான புது உலோகக் கலவைகளையும் திரவங்களையும் உருவாக்க 2024-ல் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துடன் கைகோத்திருக்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி-யில் வளர்ந்த ஆஃப்கிரிட் எனர்ஜி லேப்ஸ் நிறுவனம், 'ஜிங்க்ஜெல்' என்ற பெயரில் துத்தநாக பேட்டரியை உருவாக்கிவருகிறது. அமெரிக்காவில் ஜிங்க்ஃபைவ் நிறுவனத்தின் நிக்கல் - துத்தநாக பேட்டரிகள் டேட்டா சென்டர் யு.பி.எஸ்-களில் ஏற்கெனவே வேலை செய்கின்றன.

அப்பாவின் கேள்விக்குப் பதில்

காத்திருக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மாத்திரை வைத்திருக்கும் ஃபிரிட்ஜும், அப்பத்தா படுக்கும் அறை ஃபேனும் ஆராய்ச்சி முடியும்வரை காத்திருக்காது. இப்போது கிடைப்பதில் நம் தேவைக்கும் பட்ஜெட்டுக்கும் ஏற்றதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நாளை துத்தநாக பேட்டரி வந்தாலும், அது நம் போனுக்குள் வராது. எடையைக் கணக்கிட்டால் லித்தியம் அளவுக்கு அது சக்தியைச் சுமக்காது. ஸ்கூட்டருக்கும் முதல் தேர்வாக இருக்காது. ஒரு மூலையில் அசையாமல் உட்கார்ந்து, பகலில் மாடி சோலாரில் வாங்கியதை ராத்திரி கொடுக்கும் வேலைக்குத்தான் அது சரியான ஆள். இன்வெர்ட்டர், பள்ளிக்கூடம், செல்போன் டவர், பூ மார்க்கெட்டின் குளிர் அறை... இங்கெல்லாம் எடை பெரிய பிரச்னை இல்லை. தீப்பிடிக்காமல் இருப்பதும் விலையும்தான் முக்கியம்.

அப்படி ஒரு பேட்டரி விற்பனைக்கு வரும் நாளில், விற்பவரிடம் கேட்க மூன்று கேள்விகளை அப்பாவின் டைரியில் எழுதிவைத்திருக்கிறேன். தினமும் முழுக்கத் தீர்த்துச் சார்ஜ் செய்தால் எத்தனை வருஷம் உழைக்கும்? நம் ஊர் 40 டிகிரி வெயிலில் அதைச் சோதித்திருக்கிறார்களா? வாரன்டி எழுத்தில் இருக்கிறதா?

அதுவரை வீட்டில் இதைக் கவனியுங்கள்

* சாதாரண டார்ச், ரிமோட் கட்டைகளைச் சார்ஜரில் போடாதீர்கள். உள்ளே வாயு சேர்ந்து ஒழுகலாம், வெடிக்கலாம். மேலே 'ரீசார்ஜபிள்' என்று இருந்தால் மட்டுமே சார்ஜ் செய்யலாம்.

* பழைய கட்டையையும் புதுக் கட்டையையும் கலந்து போடாதீர்கள். பழையது சீக்கிரம் தீர்ந்து, ஒழுகி, டார்ச்சையே கெடுத்துவிடும்.

* பல மாதம் பயன்படுத்தாத டார்ச், கடிகாரம், பொம்மைகளில் கட்டையைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

* பட்டன் பேட்டரிகளைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காத்திருக்கக் கூடாது.

* தீர்ந்த பேட்டரியை அடுப்பிலோ குப்பைத் தீயிலோ போடாதீர்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. இன்வெர்ட்டர் பேட்டரி மாற்றும்போது பழையதைக் கடையிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பத்தா இப்போது தோட்டத்துக்குப் போவதில்லை. பறிக்கப்போகிறவர்கள் எல்லாரும் நெற்றியில் மாட்டும் சார்ஜ் லைட்டோடு போகிறார்கள். அவருக்கு இந்தக் கதையை, முள் முளைப்பதையும் சுண்ணாம்பு அடிப்பதையும் சொன்னேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார்.

"அப்போ நான் வெயில்ல வச்சது வீணா கண்ணு?"

"வீணில்ல அப்பத்தா. மிச்சம் இருந்ததை எடுத்துக் கொடுத்துச்சு. புதுசா ஏத்தத்தான் முடியல."

வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "சரி, ஏத்துற மாதிரி ஒண்ணு வந்தா எனக்கும் ஒரு டார்ச் வாங்கிட்டு வா" என்றார்.